மலைக்கு அந்தப் பக்கத்துக் கதை

எங்கள் தாத்தா மலையாளத்தைப் பார்த்துத் தமிழை வாசிப்பார்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து எட்டரை மணிவாக்கில் திண்ணைக்கு வருவார். கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து போயிருக்கும், அந்தப் பக்கத்துக்கு நூல் கட்டியிருப்பார். மடியில் மலையாள வாரிகை, அதாவது வாரப் பத்திரிகை. அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, பல்பு வெளிச்சம் விழுகிற மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொள்வார். கண் ஓடுவது வட்ட வட்டமான மலையாள எழுத்தில். வாயில் வருவது செங்கோட்டைத் தமிழ். இடையில் தடங்கலே இருக்காது. எங்கேயாவது நிறுத்திவிட்டுப் பொடி டப்பாவைத் தேடினார் என்றால் சரியான தமிழ்ச் சொல் அகப்படவில்லை என்று அர்த்தம். பொடியைப் போட்டு மூக்கைத் துடைப்பதற்குள் சொல் வந்துவிடும்.

இது ஒரு வித்தை என்றே எனக்கு அப்போது தெரியாது. எல்லா வீட்டுத் தாத்தாக்களும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மத்தியானம் அந்தப் புத்தகத்தை எடுத்து நானே படிக்கப் பார்த்தேன். ‘ண’ மாதிரி ஒரு எழுத்து மட்டும் தெரிந்த முகமாக இருந்தது, மற்றது ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குப் படிப்பு மறந்துபோச்சு என்று அழுதுகொண்டே அடுப்படியில் ஆச்சியிடம் ஓடினேன்.

செங்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1956 அக்டோபர் 31 வரை எங்கள் ஊர் இந்த மாநிலத்து ஊர் இல்லை. மேற்கு மலைக்குக் கிழக்கே, தென்காசிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, திருவிதாங்கூர் ராஜாவுக்கும், 1949-க்கு அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்கும் வரி கட்டிக்கொண்டிருந்தது. சங்கு முத்திரையோடு நிற்கிற வளைவு அந்தக் காலத்து மிச்சம்தான். நவம்பர் 1 விடிந்தபோது ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தது. ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே மாநிலம் மாறினோம் என்று ஆச்சி சொல்வாள்.

தாத்தா ஆதாரம் எழுதுகிறவர். நாம் பத்திரம் என்று சொல்வதை மலையாளக் கரையில் ஆதாரம் என்பார்கள். இரண்டு மொழியிலும் எழுதுவார். 1956-க்கு அப்புறம் மலையாளத்தில் எழுதச் சொல்லி வருகிறவர்கள் குறைந்து, பிறகு நின்றே போனார்கள். நாற்பத்திச் சொச்சம் வயதில் ஒரு மனிதருக்குக் கையில் இருந்த தொழிலில் பாதி கழன்று போய்விட்டது. கையெழுத்துக்கு வேலை இல்லாமல் போனாலும் கண்ணுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வாரிகை வந்ததும் முதலில் அட்டையின் மூலையில் பென்சிலால் தேதி போடுவார். அதுவும் கொல்லம் ஆண்டில்தான்: 1160 துலாம் 9. எங்களுக்கு அது 1984 ஐப்பசி.

பழைய கணக்கெல்லாம் அவருக்கு விரல் நுனியில். நாலு சக்கரம் ஒரு பணம், சக்கரத்துக்குப் பதினாறு காசு. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம் 8 காசு. மெட்ராஸ் பத்திரிகைகளில் விலை அணாவில் போட்டிருக்கும், நம் மடியில் இருப்பதோ சக்கரம். “ரெண்டணான்னா என்ன கொடுக்கணும், சொல்லு பார்ப்போம்?” என்று எங்களை மடக்குவார். மூன்று சக்கரம் ஒன்பது காசு. நான் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேனே தவிர, கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. கதை படிக்கவே அந்நியச் செலாவணி தேவைப்பட்ட ஊர் எங்களுடையது.

கடிதத்துக்கும் ராஜாவின் தபால் தனியாக இருந்தது. அதற்குப் பெயரே ‘அஞ்சல்’. 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. இப்போது தமிழ்நாடு முழுக்க அஞ்சல் நிலையம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு அதில் ஒரு சொந்தக்காரப் பெருமை. அதே வருஷம் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தமிழ்ப் பத்திரிகைதான் தினமலர். திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சேர்ந்து முடிந்ததும், 1957-ல் பத்திரிகையும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊர் படித்ததெல்லாம் ரயிலில் வந்தது. 1904-ல் போட்ட கொல்லம் பாதை, மீட்டர் கேஜ். கிழக்கேயிருந்து வருகிற வண்டி விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், தென்காசி வழியாக மெட்ராஸ் கட்டுகளைக் கொண்டுவரும். சிவகாசியில் அச்சாகிற காமிக்ஸும் அந்தத் தடத்தில்தான். மேற்கேயிருந்து வருகிற வண்டி பதிமூணு கண் பாலத்தைத் தாண்டி, குகைகளுக்குள் நுழைந்து வெளியே வந்து, கோட்டயத்தில் அச்சான மலையாள வாரிகைகளை இறக்கும். இரண்டு கட்டுகளும் சணல் கயிற்றோடு ஒரே பிளாட்பாரத்தில் கிடக்கும். மலையாளக் கட்டு அநேகமாக நனைந்திருக்கும். மலைக்கு மேலே எப்போதும் மழை. ஏஜெண்டு அண்ணாச்சி கயிற்றை அறுக்கும்போது ஈரக் காகிதமும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். இதை எழுதும்போதுகூட மூக்கில் அடிக்கிறது.

அந்த வாரிகைகளைப் பற்றிப் பெரிய மரியாதை எதுவும் அப்போதும் கிடையாது. படித்த மலையாளிகள் அதில் வந்த தொடர்கதைகளைப் ‘பைங்கிளி’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். காதல், தரவாட்டுச் சண்டை (பரம்பரை வீட்டுச் சண்டை), கண்ணீர், வார முடிவில் ஒரு திடுக். தாத்தாவுக்கு அதில் வெட்கமெல்லாம் இல்லை. “ஆதாரம் எழுதுனவனுக்கு எல்லாக் கதையும் சொத்துக் கதைதாம்ளே” என்பார்.

அந்த 1984 ஐப்பசியில் ஒரு தொடர் ஆரம்பித்தது. திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிடுவோம். ஆச்சி, எதிர்வீட்டுப் பெரியம்மா, மாவு மெஷின்காரர் வீட்டு மதினி, நாங்கள் நண்டும் சிண்டுமாக அஞ்சாறு பேர். எதிர்வீட்டு அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு மட்டும் முதுகுக்குத் தலையணை. கதையின் நாயகியும் கர்ப்பிணி. அதனாலேயே அக்காவுக்குக் கதை மேல் தனிப் பிடிப்பு. வியாழக்கிழமையே, “தாத்தா, புஸ்தகம் வந்துட்டா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

கார்த்திகையில் ஒரு நாள் தாத்தா வாசித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று நிறுத்தினார். பொடி டப்பாவைத் தேடினார். பொடி போட்டும் சொல் வரவில்லை. தண்ணீர் கேட்டார். குடித்தார். அப்புறம் தொடர்ந்தார். நாயகிக்குச் சுகப் பிரசவம் ஆனது, பெண் குழந்தை. எல்லாருக்கும் மூச்சு வந்தது.

அடுத்த வாரத்திலிருந்து கதையின் போக்கே மாறிவிட்டது. நாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு புளியரை தட்சிணாமூர்த்தி கோவிலுக்கு வந்தாள். குற்றாலத்துக்கு வந்து ஐந்தருவியில் குளித்தாள். இலஞ்சி முருகனுக்கு முடி இறக்க நேர்ந்துகொண்டாள். “மலையாளத்தான் நம்ம ஊர்ப் பக்கத்தை என்னமா எழுதியிருக்கான், பாத்தியா!” என்று ஆச்சி மெச்சிக்கொண்டாள். தாத்தா பக்கத்தைப் புரட்ட மறந்துபோவதை நான் கவனித்தேன். அரை மணி நேரம் ஒரே பக்கத்தில் கதை ஓடியது. வயசாகிவிட்டது, எழுத்து தெரியவில்லை போல என்று நினைத்தேன்.

மார்கழிக் கடைசியில் அக்காவுக்கும் சுகப் பிரசவம். பெண் குழந்தை.

பொங்கலுக்குப் புனலூரிலிருந்து அத்தை வந்தாள். அத்தை அங்கே வாழ்க்கைப்பட்டுப் பதினஞ்சு வருஷம். மலையாளம் தாய்மொழி மாதிரி ஆகிவிட்டிருந்தது. திண்ணையில் கதைப் பேச்சு வந்தது. நாயகியின் குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள் என்று ஆச்சி சொல்ல, அத்தை சிரித்தாள். “எம்மா, யாருக்குக் காது குத்து? அவ பிரசவத்துலயே செத்துப்போனாளே. ஆறு வாரம் ஆச்சே. புருசன் ரெண்டாங் கல்யாணத்துக்கு நிக்கான்” என்றாள்.

திண்ணை அப்படியே அமைதியாகிவிட்டது. எல்லாரும் தாத்தாவைப் பார்த்தோம். தாத்தா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

“மலைக்கு அந்தப் பக்கம் செத்திருப்பாளா இருக்கும். இங்க இன்னும் தாக்கல் வரல” என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆச்சி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்த் தாத்தாவுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அது வழக்கமில்லை, தாத்தாவே கேட்டு வாங்கித்தான் குடிப்பார்.

நாற்பத்தியோராம் நாள் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது அந்த நாயகியின் பெயரையே வைக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். செத்தவ பேரையா வைக்கப்போற என்று பெரியம்மா சண்டை போட்டாள். “தாத்தா கதையில சாகலல்லா” என்றாள் அக்கா. அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு இல்லை. சுத்த மலையாளப் பெயர். இங்கே எழுதினால் ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும், அதனால் எழுதவில்லை.

தமிழ்ப் பத்திரிகைகள் எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு வழியில். ஒரு மாமா சைக்கிளில் இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டுக்கொண்டு வருவார். மாதச் சந்தா கட்டினால் விகடன், குமுதம், கல்கி எல்லாம் சுற்றுக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் காக்கி அட்டை போட்டு, ஓரத்தில் கோணி ஊசியால் தைத்திருப்பார். இரண்டு நாளில் திருப்ப வேண்டும். எங்கள் வீடு தெருவில் ஐந்தாவது. அதனால் குறுக்கெழுத்துக் கட்டங்களை யாராவது முன்னாடியே நிரப்பியிருப்பார்கள், அதுவும் தப்பாக, அதுவும் பேனாவில். முதல் வீட்டுக்காரர்களுக்கு ஊரில் இருந்த செல்வாக்கு பணத்தால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பத்திரிகை முதலில் கிடைத்ததால் வந்தது என்பது என் கட்சி.

வீட்டுக்குள்ளேயும் ஒரு வரிசை உண்டு. முதலில் அப்பா, தலையங்கத்திலிருந்து. அப்புறம் சித்தப்பா, சினிமா பக்கம். அம்மாவுக்குக் கிடைப்பது பாத்திரம் கழுவி முடித்த பிறகு. ஆனால் அம்மாதான் எழுத்தெழுத்தாகப் படிப்பாள். அட்டையின் அடியில் அச்சகத்தின் பெயர் வரைக்கும். தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து வைத்து பைண்டு பண்ணுகிற பழக்கம் எதிர் வரிசை வீடுகளில் இருந்தது. சொந்தமாக வாங்குகிறவர்களால்தான் அது முடியும். எங்களுக்கு அந்த பைண்டு புத்தகங்கள் கோடை விடுமுறையில்தான் கடன் கிடைக்கும். சாரல் காலம் வந்தால் காகிதமெல்லாம் நமுத்துப்போய் அப்பள மாவு மாதிரி ஆகிவிடும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் ராமபாணப் பூச்சி ஒரு நேர்கோடு போட்டிருக்கும். நூற்று நாற்பதாம் பக்கத்தில் வில்லன் சொன்ன ஒரு முக்கியமான சொல்லை அந்தப் பூச்சி தின்றுவிட்டது. இன்றைக்கு வரைக்கும் அது என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. பின்னால் புத்தகமாகக் கடையில் கிடைத்தபோதும் பார்க்கவில்லை. ஏனோ மனசு வரவில்லை.

நூலகத்துக்கு நான் போக ஆரம்பித்தது ஏழாம் வகுப்பில். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் ‘ஓ31,3’ என்று எழுதியிருக்கும். பீரோ நம்பர் என்று நினைத்திருந்தேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த கோலன் முறை அது: ஓ என்றால் இலக்கியம், 31 தமிழ், கால் புள்ளிக்கு அப்புறம் 3 வந்தால் கதை. எங்களைப் பொறுத்தவரை 3 என்றால் எடு, 1 என்றால் கவிதை, வைத்துவிடு.

நூலகம் என்றால் தாத்தா மதிக்க மாட்டார். “இது சர்க்கார் ஆபீஸு. வாயனசாலைன்னா அந்தப் பக்கம் போய்ப் பாக்கணும்” என்பார். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. சென்னை மாகாணம் 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், அந்தப் பணத்தில் கிளை நூலகம் நடக்கும், நூலகர் சம்பளக்காரர். மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. பி.என். பணிக்கர் 1945-ல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். அங்கே வாசகசாலை ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு நடத்துவது. தேர்தல் நடக்கும், சண்டை வரும், கேரம் போர்டு இருக்கும், ஓணத்துக்கு வடம் இழுக்கிற போட்டி நடக்கும். பணிக்கர் இறந்த ஜூன் 19-ஐ இப்போது வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அத்தை வீட்டுக்குப் போகும்போது நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் நூலகத்தில் கேரம் சத்தம் இல்லாததால்தான் என்னால் படிக்க முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தாத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால் கோபித்திருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லைக்காரர்கள் அத்தனை பேரும் மலையாளம் படிப்பார்கள். லாட்டரி. கேரள அரசு 1967-லிருந்து லாட்டரி நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003-ல் தடை வந்துவிட்டது. அதற்குப் பிறகு புளியரை தாண்டி, வளைவுகளில் ஏறி, கோட்டைவாசலுக்குப் போய்ச் சீட்டு வாங்கி வருகிறவர்கள் அதிகமானார்கள். தன் பெயரைத் தமிழில் எழுதவே யோசிக்கிற ஆள், சாயாக் கடையில் மலையாளப் பத்திரிகையை வாங்கி நேராக அந்தப் பக்கத்தைப் பிரிப்பார். சீட்டின் பெயர், வரிசை எழுத்து, ‘ஒன்னாம் சம்மானம்’ என்கிற முதல் பரிசு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அறிவொளி இயக்கம் செய்யாததைச் சிலருக்கு ஆசை செய்தது.

2010 செப்டம்பரில் செங்கோட்டை–புனலூர் பாதையை அகலப் பாதையாக்க மூடினார்கள். திறக்க 2018 ஆயிற்று. அந்த எட்டு வருஷத்தில் மேற்குப் பக்கத்துக் கட்டு வருவது நின்றது. நின்றது என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை, வாங்குகிற கடைசி ஆள் எங்கள் தாத்தா, அவர் 1991-லேயே போய்விட்டார். சைக்கிள் மாமா அதற்கும் முன்னால், வீட்டுக்கு வீடு கேபிள் வந்த காலத்திலேயே, பையை ஆணியில் மாட்டிவிட்டார். 1941-ல் தொடங்கிய கல்கி 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. அம்மா இன்னும் அதைத்தான் படிக்கிறாள், என் தம்பி வாங்கிக் கொடுத்த டேப்பில், எழுத்தைப் பெரிதாக்கி. பாத்திரம் கழுவும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பாவும் பக்கத்திலேயே போனில் எதையோ படித்துக்கொண்டிருக்கிறார். ஒரே வாரத்தில் தெரு முழுக்க ஒரே கதையின் ஒரே திருப்பத்தில் நின்றுகொண்டு, அவள் கிணற்றில் விழுவாளா மாட்டாளா என்று தண்ணீர்க் குழாயடியில் வாதாடிய சுகம் எனக்குத்தான் விட்டுப்போனது, அவர்களுக்கு அந்தக் குறை இருக்கிற மாதிரி தெரியவில்லை.

போன ஆனியில் சாரல் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் திண்ணை இப்போது இல்லை. கார் நிறுத்த இடித்தாயிற்று. நூலகத்துக்குப் போனால் உட்கார இடமில்லை. என் காலத்தில் அப்படிக் கூட்டம் பார்த்ததே கிடையாது. அத்தனையும் டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற பிள்ளைகள். எல்லார் முன்னாலும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடப் புத்தகங்கள். ‘ஓ31,3’ பீரோ பக்கம் ஒருவரும் இல்லை. முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் வாசல் படியில் இரண்டு பெண்பிள்ளைகள் குடையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒருத்தி சமூக அறிவியல் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருத்தி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசிக்கிறவள் புத்தகத்து வாசகத்தை அப்படியே விடாமல், ‘அதாவது என்னன்னா’ என்று ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொன்னாள்.

சாயலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். எதிர்வீட்டு அக்காவின் பேத்தி. அந்தப் பெயர்க்காரியின் மகள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சின்னாச்சி” என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் ஆச்சி ஆக்கிவிட்டாள், சரி. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். குரூப் 4 எழுதப் போகிறாளாம். பேச்சோடு பேச்சாக, “எங்கம்மா பேரு ஏதோ கதையில வந்ததாமே, ஆச்சி சொல்லும். என்ன கதை அது?” என்று கேட்டாள்.

சாரல் வலுத்தது. மூன்று பேரும் குடைக்குள் நெருங்கி உட்கார்ந்தோம். அவள் சிநேகிதி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குக் கொஞ்சம் தடுமாற்றமாக இருந்தது. இரண்டையுமே சொன்னேன். முதலில் தாத்தாவுடையதை.